நோயாளிகளைப் பாக்கப் போற எங்க குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (பினாங்கு)

தமிழ்ப் பூசை முடிஞ்சதும் கார் பார்க்ல, அன்பியக் கூட்டத்துல (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்க கூடுற ஜெபக் கூட்டம்), வாட்ஸ்அப்லன்னு ஒரே கேள்விங்க திரும்பத் திரும்ப வருது. எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் இருந்தா நல்லதுன்னு எழுதியிருக்கேன். கொஞ்சம் நீளம்தான், உங்களுக்கு வேண்டிய கேள்வியை மட்டும் பாத்துக்குங்க.

நீங்கல்லாம் யாரு? சிஸ்டருங்களா, ஆஸ்பத்திரி ஆளுங்களா?

ரெண்டும் இல்ல. சாதாரண பங்கு மக்கள்தான், அதாவது கத்தோலிக்கக் கோயிலுக்கு வர்றவங்க. ரிட்டையர் ஆன டீச்சர் இருக்காங்க, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை பாக்குறவங்க இருக்காங்க, லாரி ஓட்டுறவர் இருக்கார், பேரப்பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டே இதுக்கும் நேரம் ஒதுக்குற அம்மாங்க இருக்காங்க. யாருக்கும் சம்பளம் கிடையாது. கொஞ்ச பேரு எஸ்விபி, அதாவது புனித வின்சென்ட் தே பவுல் சபை. அவங்க வீடு வீடா போய் சாமான், பில்லு, ஃபாரம் இதையெல்லாம் பாப்பாங்க. மத்தவங்க நற்கருணைப் பணியாளருங்க, கோயிலுக்கு வர முடியாதவங்களுக்கு நன்மை (பூசையில குடுக்குற நற்கருணை அப்பம்) கொண்டு போறவங்க. நடைமுறையில ரெண்டு வேலையும் ஒன்னோட ஒன்னு கலந்துதான் நடக்கும், ஏன்னா படுத்த படுக்கையா இருக்கிற வீட்ல அரிசியும் தீந்து போயிருக்கும்.

எஸ்விபி எப்படி ஆரம்பிச்சது?

1833ல பாரிஸ்ல, பிரெடெரிக் ஓசானாம்னு ஒரு யூனிவர்சிட்டி மாணவர், அப்ப அவருக்கு 20 வயசுதான். அதுக்கு முந்தின வருஷம்தான் காலரா வந்து பாரிஸ்ல ஆயிரக்கணக்கானவங்க செத்துப் போயிருந்தாங்க. ஒரு விவாதக் கூட்டத்துல எதிர்த்துப் பேசினவங்க, உங்க கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் காலத்துல நல்லது செஞ்சிருக்கலாம், இன்னிக்கு ஏழைங்களுக்கு என்ன செய்றீங்கன்னு கேட்டுட்டாங்க. அந்தக் கேள்வி அவரைக் குத்திடுச்சு. கூட்டாளிங்களோட சேந்து குழு ஆரம்பிச்சாங்க. ஏழைங்க வீட்டுக்கு எப்படிப் போறது, எப்படிப் பேசுறதுன்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்க சிஸ்டர் ரோசலி ராந்துன்னு ஒரு கன்னியர். ஓசானாம் சாமியார் ஆகல, கல்யாணம் பண்ணாரு, ஒரு பொண்ணு இருந்துச்சு, சோர்பான் யூனிவர்சிட்டியில புரொஃபெசரா இருந்தாரு, 40 வயசுல 1853ல இறந்துட்டாரு. 1997ல போப் ரெண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) குடுத்தாரு. இன்னிக்கு 150 நாடு மாதிரி இந்தச் சபை இருக்கு. சாமியார் பட்டம் இருந்தாத்தான் இந்த வேலை செய்ய முடியும்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இவ்ளோ விவரமா சொல்றேன்.

ஓசானாம் ஆரம்பிச்சாருன்னா ஏன் வின்சென்ட் பேரு?

ஏழைங்களுக்கு உழைச்ச பிரெஞ்சு சாமியார் புனித வின்சென்டைத்தான் இவங்க பாதுகாவலரா எடுத்துக்கிட்டாங்க. அவரு 1581ல பிறந்து 1660ல இறந்தவரு. அவரு வாழ்க்கையில 1617ல நடந்த ஒன்னை எங்க குழுவுல புதுசா வர்ற எல்லாருக்கும் சொல்லுவோம். பிரான்ஸ்ல ஷாத்தியோன்னு ஒரு சின்ன ஊர்ல அவரு பங்குக் குருவா இருந்தாரு. ஒரு ஞாயித்துக்கிழமை பூசைக்குத் தயாராகும்போது, ஊருக்கு வெளிய ஒரு குடும்பமே காய்ச்சல்ல கிடக்குது, பாக்க ஆளில்லன்னு சேதி வருது. பிரசங்கத்துல சொல்றாரு. பூசை முடிஞ்சு மத்தியானம் அவரு அந்த வீட்டுக்குப் போனா வழி நெடுக ஜனங்க, எல்லார் கையிலயும் சாப்பாடு. சந்தோஷம்தான், ஆனா அவரு யோசிச்சாரு: இன்னிக்கு இவ்வளவும் வந்துருச்சு, பாதி கெட்டுப் போகும், அடுத்த வாரம் இவங்களுக்கு யாரு குடுப்பா? அதனால ஊர்ப் பொம்பளைங்களைக் கூப்பிட்டு முறை போட்டாரு. இன்னிக்கு நீங்க, நாளைக்கு அவங்க, யாரு சமைக்கிறது, யாரு கொண்டு போறது, நோயாளிகிட்ட எப்படிப் பேசுறதுங்கிற வரைக்கும் எழுதி வச்சாரு.

அன்னிக்கு அந்த ஊர்ல அன்புக்குக் குறைச்சல் இல்ல, முறைதான் இல்லாம இருந்துச்சு. நம்ம பங்குலயும் இதே நிலைமைதான், அடுத்த கேள்வியைப் பாருங்க.

கிறிஸ்மஸுக்கு எங்க ஆபீஸ்ல ஹாம்பர் (பரிசுக் கூடை) குடுக்குறோம், அட்ரஸ் தருவீங்களா?

குடுக்குற மனசுக்கு நன்றி, உண்மையாவே. ஆனா டிசம்பர்ல ஒரு வீட்டுக்கு அஞ்சு ஆறு ஹாம்பர் வருது, பிஸ்கட் டின் மேல பிஸ்கட் டின், சிரப்பு பாட்டில், பொரிச்ச முறுக்கு. ஃபெப்ரவரியில போனா அதே வீட்ல முட்டை இருக்காது. அதனால நாங்க கேக்குறது, டிசம்பர் ஹாம்பரை ஜூன்ல குடுங்க, இல்லாட்டி மாசா மாசம் ஒரு வீட்டுக்கு அஞ்சு கிலோ அரிசி, ஒரு கிலோ எண்ணெய் பாக்கெட், முட்டை, சார்டின்னு பிரிச்சுக் குடுங்க. கொண்டாட்டம் வேணாம்னு சொல்லல, கேக் சாப்பிட அவங்களுக்கும் ஆசை இருக்கும்.

இன்னொன்னு, உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. நாங்க போற வீட்ல இனிப்பு நீரும் கிட்னி பிரச்சனையும் ரொம்ப அதிகம். டயாலிசிஸ் செய்றவங்க வாரத்துல மூணு நாள் நாலு மணி நேரம் மெஷின்ல உக்காந்துட்டு வர்றாங்க. அவங்களுக்கு தண்ணியே அளவாத்தான். வாழைப்பழம், ஆரஞ்சு, இளநி இதுலல்லாம் பொட்டாசியம் கூட, இதயத்துக்கே ஆபத்தா முடியலாம். பெலிம்பிங் பழம் (நட்சத்திரப் பழம்) கிட்னி கெட்டவங்களுக்கு விஷம் மாதிரின்னே சொல்லலாம், தொடவே கூடாது. சீனப் பெருநாளுக்கு ஒரு பெட்டி லிமாவ் (ஆரஞ்சு) வாங்கிட்டுப் போய்க் குடுக்குறது நல்ல எண்ணம்தான், அந்த வீட்ல யாருக்கு என்ன வியாதின்னு ஒரு வார்த்தை எங்ககிட்ட கேட்டுட்டுப் போங்க.

கத்தோலிக்கருக்கு மட்டும்தானா?

இல்ல. எஸ்விபி விதியிலயே மதம், இனம் பாக்காம உதவணும்னு இருக்கு. ரைபிள் ரேஞ் பிளாட்ல ஒரு வீட்டுக்குப் போனா பக்கத்து வீட்டு இந்து பாட்டி எட்டிப் பாப்பாங்க, எதிர் வீட்டு சீன அங்கிளுக்குக் கால்ல புண்ணு. அவங்களை விட்டுட்டு வர முடியுமா? ஆனா ஒரு விஷயத்துல கண்டிப்பா இருப்போம், சாமானை வச்சு யாரையும் மதத்துக்கு இழுக்க மாட்டோம், அவங்களா கேக்காம ஜெபம் பண்ண மாட்டோம். முஸ்லிம் வீடுன்னா இன்னும் கவனமா இருப்போம், அரசியலமைப்புச் சட்டம் 11(4) முஸ்லிம்கள்கிட்ட மத்த மதத்தைப் பரப்புறதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் குடுத்திருக்கு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பசியில இருக்கிறவங்ககிட்ட அரிசியைக் குடுத்துக்கிட்டே பிரசங்கம் பண்றது மரியாதையே இல்லன்னுதான் நான் நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போய் என்ன பேசுறது? எனக்குப் பேச வராது.

இதுதான் எல்லாரும் கேக்குறது. பேச வராதவங்கதான் நல்லா செய்றாங்க, நான் பாத்திருக்கேன். நிறைய பேசுறவங்க போய் "கவலைப்படாதீங்க, கடவுள் சோதிக்கிறார்"னு ஆரம்பிச்சுடுவாங்க, படுத்திருக்கிறவருக்கு அதைக் கேக்கக் கஷ்டமா இருக்கும். தயவு செஞ்சு அதைச் சொல்லாதீங்க. "எனக்குத் தெரிஞ்சவங்களுக்கும் இதே வியாதி, ஆறு மாசத்துல போயிட்டாங்க" இதையும் சொல்லாதீங்க, நிஜமாவே சொல்றவங்க இருக்காங்க.

ரெண்டு ரெண்டு பேராத்தான் போவோம், தனியா யாரும் போறதில்ல. உள்ள போனதும் "பசியாறியாச்சா பாட்டி?"ன்னு கேளுங்க, அதுலயே பாதி தெரிஞ்சிடும். இன்னும் இல்லன்னா ஏன்னு கேளுங்க, காசில்லையா, பசிக்கலையா, எந்திரிச்சு அடுப்படிக்குப் போக முடியலையா, மூணுக்கும் வேற வேற உதவி. அப்புறம் உக்காருங்க, நின்னுக்கிட்டே பேசாதீங்க, படுத்திருக்கிறவங்க கழுத்தைத் தூக்கிப் பாக்க வேண்டியிருக்கும். கட்டில்ல உக்காராதீங்க, நாற்காலி இல்லன்னா தரையில உக்காரலாம், தப்பே இல்ல.

ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு ஐயா, முன்னாடி ஹார்பர்ல வேலை பாத்தவரு. மருந்தெல்லாம் ஒரு பழைய மைலோ டின்ல போட்டு வச்சிருப்பாரு, பிரஷர் மாத்திரை, இனிப்பு நீர் மாத்திரை, போன வருஷத்து இருமல் மருந்து எல்லாம் ஒன்னா. எது காலையில எது ராத்திரின்னு கேட்டா கலரை வச்சுச் சொல்லுவாரு. ஒரு தடவை கிளினிக்ல அதே மருந்தை வேற கம்பெனி மாத்திரையா குடுத்துட்டாங்க, கலர் மாறிடுச்சு, அவரு அதைப் புது மருந்துன்னு நினைச்சுப் பழசையும் சேத்து முழுங்கிட்டு இருந்தாரு. எங்க குழுவுல வாரா வாரம் அவரைப் பாக்குற அம்மாதான் டின்னுக்குள்ள ரெண்டு கலரும் இருக்கிறதைப் பாத்துக் கேட்டாங்க. உடனே கிளினிக்குக் கூட்டிட்டுப் போய் ஃபார்மசிஸ்ட்கிட்ட டின்னையே காட்டினாங்க. நாங்களா மருந்தைக் கூட்டவும் மாட்டோம் குறைக்கவும் மாட்டோம், அது எங்க வேலை இல்ல. ஆனா போன வாரம் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருந்தாத்தான் இந்த வாரம் என்ன மாறியிருக்குன்னு கண்ணுல படும். ஒரே ஆளு ஒரே வீட்டுக்குப் போகணும்னு நாங்க அடம் பிடிக்கிறது இதுக்காகத்தான்.

"எங்களுக்கு ஒன்னும் வேணாம்"னு சொன்னா?

சரின்னுட்டு வந்துடுங்க, அடுத்த வாரமும் போங்க. நம்ம பெரியவங்களுக்கு அடுத்தவன்கிட்ட கை நீட்டுறது சாவை விடக் கஷ்டம், தோட்டத்துலயும் ஃபேக்டரியிலயும் உழைச்சே பழக்கப்பட்டவங்க. மூணாவது நாலாவது தடவை அவங்களே சொல்லுவாங்க, கரண்ட் பில் மூணு மாசமா கட்டலன்னு.

கையில காசு குடுப்பீங்களா?

பொதுவா இல்ல. பில்லுன்னா பில்லை நேரா கட்டிடுவோம், வாடகைன்னா வீட்டுக்காரருக்கு, ஸ்கூல் சாமான்னா கடையில. நம்பிக்கை இல்லாம இல்ல, சில வீட்ல ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரன்) கடன் இருக்கும், கையில காசு வந்த அன்னிக்கே கதவைத் தட்டிடுவாங்க. ஆலோங் விஷயம்னா எங்ககிட்ட மறைக்காம சொல்லுங்க, நாங்க பணம் கட்ட மாட்டோம், ஆனா போலீஸ்ல ரிப்போர்ட் போட கூட வருவோம். எங்களுக்கு எங்கருந்து காசு வருதுன்னா, கூட்டம் முடியும்போது ஒரு பையைச் சுத்தி விடுவோம், யார் எவ்ளோ போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது, அது எஸ்விபியில ஆரம்பத்துல இருந்தே இருக்கிற பழக்கம். கோயில்ல இருக்கிற ஏழைகள் உண்டியல் காசும் வரும்.

ஃபோட்டோ எடுக்க மாட்டோம். தானம் குடுத்தவங்க ஆதாரம் கேட்டா ரசீது காட்டுவோம், வாங்கினவங்க முகத்தைக் காட்ட மாட்டோம்.

வீட்டுக்கு நன்மை கொண்டு வரச் சொன்னா என்ன தயார் பண்ணணும்?

ஒரு சின்ன மேசை, மேல சுத்தமான வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, ஒரு கிளாஸ் தண்ணி, ஒரு ஸ்பூன். அவ்ளோதான். வீட்ல ஆக்ஸிஜன் வச்சிருந்தா மெழுகுவத்தி கொளுத்தவே கூடாது. டிவியை நிறுத்திடுங்க. நோயாளி, வயசானவங்க, அவங்களைப் பாத்துக்கிறவங்க இவங்களுக்கு ஒரு மணி நேர உபவாசம் கட்டாயம் இல்ல, காலையில கஞ்சி குடிச்சுட்டாங்கன்னு நன்மையைத் தள்ளிப் போடாதீங்க. முழுங்கக் கஷ்டப்பட்டா ரொம்பச் சின்னத் துண்டா உடைச்சு ஸ்பூன்ல தண்ணியோட குடுப்போம். மூக்குல டியூப் போட்டிருந்தா முன்னாடியே சொல்லுங்க, ஃபாதர்கிட்ட கேட்டு முடிவு பண்ணணும்.

பணியாளருங்க கோயில்ல இருந்து நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவாங்க, கழுத்துல சின்னப் பையில நன்மை வச்ச சிமிழ் இருக்கும், வழியில பசாருக்குப் போறது, வடை வாங்குறது எதுவும் கிடையாது. அதனால வாசல்ல நிறுத்திப் பேச்சுக் குடுக்காதீங்க, நன்மை குடுத்து முடிச்சதும் தாராளமா பேசலாம். பொதுநிலையினர் (சாமியாரோ சிஸ்டரோ இல்லாத சாதாரண மக்கள்) இதைச் செய்யலாம்னு 1973ல போப் ஆறாம் பவுல் காலத்துல அனுமதி வந்துச்சு, "ஃபாதர் ஏன் வரல"ன்னு கோவிச்சுக்கிற பெரியவங்களுக்கு இதைச் சொல்லுங்க.

ஃபாதர் எண்ணெய் பூச வந்தா முடிஞ்சு போச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லவே இல்ல, இந்தப் பயத்தாலதான் கடைசி நிமிஷம் வரைக்கும் கூப்பிடாம இருக்காங்க, ஃபாதர் வரும்போது நோயாளிக்கு நினைவே இருக்காது. நோயில் பூசுதல் சாகப் போறவங்களுக்கு மட்டும் இல்லன்னு ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லயே சொல்லிடுச்சு. பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடி வாங்கலாம், வயசாகி உடம்பு தளர்ந்து போனாலும் வாங்கலாம், நோய் முத்துச்சுன்னா மறுபடியும் வாங்கலாம். இதைக் குருக்கள் மட்டும்தான் குடுக்க முடியும், நாங்க முடியாது. நாங்க செய்யறது ஃபாதருக்கு ஃபோன் பண்றதும் வீட்டைக் காட்டுறதும்தான். ஃபெப்ரவரி 11 லூர்து மாதா திருநாள், உலக நோயாளர் தினம், 1993ல இருந்து நடக்குது. அந்த நாளை ஒட்டி நிறைய பங்குகள்ல நோயாளிகளுக்குத் தனிப் பூசை வச்சு எண்ணெய் பூசுவாங்க, வீல்சேர் தள்ள ஆளு வேணும்னா முதல் வாரமே சொல்லிடுங்க.

ஜிஎச்ல (பினாங்கு அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி) படுத்திருக்கிறவங்களைப் பாக்க வருவீங்களா?

வருவோம், விசிட்டிங் டைம்ல மட்டும். வார்டு நம்பர், படுக்கை நம்பர், ஐசியில (அடையாள அட்டையில) இருக்கிற முழுப் பேரு மூணும் வேணும். "மேரி ஆன்ட்டி, மூணாவது மாடி"ன்னு மெசேஜ் போட்டா ஜாலான் ரெசிடென்சியில இருக்கிற அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியில எங்க தேடுறது, ஐசியில அவங்க பேரு மரியம்மாளா இருக்கும். நர்ஸ் சொல்றதுதான் சட்டம், போன்னா போயிடுவோம். சளி இருமல் இருந்தா நாங்களே வர மாட்டோம். மவுண்ட் மிரியம் கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கும் துணை வருவோம், அது 1976ல பிரான்சிஸ்கன் சிஸ்டருங்க ஆரம்பிச்சது, ரேடியேஷனுக்கு தினமும் போக வண்டி இல்லாதவங்கதான் அதிகமா எங்களைக் கூப்பிடுறாங்க.

அரசாங்க உதவிக்கு ஃபாரம் நிரப்பித் தருவீங்களா?

கண்டிப்பா, இதுதான் எங்க வேலையில அதிகம் பேருக்குத் தெரியாத பகுதி. ஜேகேஎம்ல (சமூக நல இலாகா) முதியோர் உதவி, ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை), படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பாத்துக்கிறவங்களுக்கான உதவின்னு இருக்கு. ஃபாரம் மலாய்ல இருக்கிறதுனாலயும் பேங்க் புக், சம்பளத் தாள்னு கேக்குறதுனாலயும் பாதியிலேயே விட்டுடுறாங்க. ஃபேக்டரியில வேலை பாத்துட்டு நோய் வந்து முடங்கிப் போனவங்க சொக்சோவை (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மறந்துடாதீங்க. 60 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு முடக்க ஓய்வூதியம் கேக்கலாம், சந்தா தகுதி இருந்தா டயாலிசிஸ் செலவையும் ஏத்துக்குவாங்க. நாலு வருஷமா கடன் வாங்கி டயாலிசிஸ் செஞ்ச ஒரு குடும்பத்துக்கு இது யாருமே சொல்லல, அதை நினைச்சா இன்னும் எனக்கு வயிறு எரியுது.

சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிங்க அட்டை) வச்சிருக்கிற பெரியவங்கதான் ரொம்பக் கஷ்டம், இங்கேயே பிறந்து வளந்தவங்களும் அதுல இருக்காங்க. குடிமக்களுக்கான உதவிகள்ல நிறைய அவங்களுக்குக் கிடைக்காது. அவங்களுக்குத்தான் பங்கோட உதவி முதல்ல போகணும்னு நான் கூட்டத்துல எப்பவும் சொல்றது.

மரியாயின் சேனையும் (லீஜன் ஆஃப் மேரி) இதேதானே செய்யுது?

அவங்களும் வீடு சந்திப்பாங்க, நோயாளிகளைப் பாப்பாங்க, ஆனா பொருள் உதவி குடுக்கக் கூடாதுன்னு அவங்க விதியே இருக்கு. 1921ல டப்ளின்ல அதை ஆரம்பிச்ச ஃப்ராங்க் டஃப் அதுக்கு முன்னாடி எஸ்விபியில இருந்தவருதான். சேனை ஆளுங்க ஒரு வீட்ல அரிசி இல்லன்னு பாத்தா எங்களுக்குச் சொல்லுவாங்க, நாங்க ஒரு வீட்ல தனிமையா இருக்கிறவங்களைப் பாத்தா அவங்களுக்குச் சொல்லுவோம்.

எங்கம்மா படுத்த படுக்கை, நான்தான் பாத்துக்கிறேன். அம்மாவுக்கு ஒன்னும் வேணாம், எனக்கு...

இப்படி முடிக்காம விட்ட மெசேஜ் நிறைய வருது, பெரும்பாலும் மகள்கள், சில நேரம் கல்யாணம் ஆகாத மகன். வேலையை விட்டுட்டு, ராத்திரி மூணு தடவை எந்திரிச்சு பம்பர்ஸ் மாத்தி, திருப்பிப் படுக்க வச்சு, அண்ணன் தம்பிங்க வாட்ஸ்அப்ல "பாத்துக்கம்மா"ன்னு கை கூப்புற படம் போடுறதோட சரி. உங்களுக்கும் நாங்க வருவோம். ரெண்டு பேர் வந்து அம்மா பக்கத்துல ரெண்டு மணி நேரம் உக்காருறோம், நீங்க போய் முடி வெட்டிட்டு வாங்க, தூங்குங்க, கர்னி டிரைவ்ல சும்மா நடந்துட்டு வாங்க, எங்க போனீங்கன்னு யாரும் கேக்க மாட்டோம். போறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு எப்படித் தண்ணி குடுக்கணும், யாருக்கு ஃபோன் பண்ணணும்னு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போங்க. இதைக் கேக்குறதுக்கு வெக்கப்படாதீங்க. என்னைக் கேட்டா எங்க குழு செய்ற வேலையிலயே இதுதான் பெரிசு, இதுக்குத்தான் ஆளும் பத்தல.

சந்தன்னம்மாள் திருநாளுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?

புக்கிட் மெர்த்தாஜாம் கோயில்ல சந்தன்னம்மாள் (மாதாவோட அம்மா, புனித அன்னம்மாள்) திருநாள் ஜூலை 26. அன்னிக்குக் கூட்டத்துல வீல்சேர் நகராது, அதனால திருநாளுக்கு முன்னாடி நவநாள் (ஒன்பது நாள் ஜெபம்) நடக்குற வார நாள்ல காலையிலயே கூட்டிட்டுப் போவோம். பேரு முன்கூட்டியே குடுங்க.

நான் சேரணும். கார் இல்ல, சனி ஞாயிறும் வேலை. முடியுமா?

முடியும். கார் இருக்கிறவங்களோட ஜோடி போட்டு விடுவோம், இல்லாட்டி உங்க பிளாட்லயே, நடந்து போற தூரத்துல ஒரு வீடு தருவோம், அதுதான் இன்னும் நல்லது. வாரத்துல ஒரு மணி நேரம், ஒரே வீடு. வர முடியாத வாரம் முந்தின நாளே அவங்களுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடணும், ஏன்னா அவங்க காலையில இருந்தே குளிச்சு, நல்ல சட்டை போட்டுக் காத்துக்கிட்டு இருப்பாங்க. முதல் மூணு மாசம் பழைய ஆளு கூடத்தான் போகணும். தமிழ்ப் பூசை முடிஞ்சு எஸ்விபி மேசைக்கு வாங்க, ஐசி காப்பி ஒன்னும், எந்த நாள் எந்த நேரம் முடியும்னு ஒரு தாள்ல எழுதியும் கொண்டு வாங்க.